ஜூன் இருபத்தைந்தும் ஓர் அண்டாவும்

அத்தியாயம் 14

போன வாரம் ஏரிக்கரை மைதானத்தில் டிராக்டர் இறங்கியதோடு விட்டிருந்தோம். ஓவியாவும் அவள் தோழிகளும் சுண்ணாம்பு போட்டுக் கட்டிக் காத்த கபடிக் கோடுகளை அந்த டிராக்டர் ஒரே உழவில் அழித்துவிட்டுப் போனது. ஓட்டி வந்தவன் கூலிக்காரன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அனுப்பி வைத்தவர் ஓவியாவின் சொந்தப் பெரியப்பா கோபு.

சிட்லபாக்கத்தில் நெல் விளைந்த காலத்தில் அந்த இடம் அவர்கள் வீட்டுக் களத்துமேடு. வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் மாடி வீடாகி, கடைசியில் மிஞ்சியது அந்த ஒரு துண்டு நிலம்தான். கோபுவுக்கும் அவர் தம்பி ஏகநாதனுக்கும் பொதுச் சொத்து. நகரத்திலிருந்து வந்த ஒரு கிரிக்கெட் பயிற்சிக் கம்பெனிக்கு அதை நீண்ட காலக் குத்தகைக்கு விடுவதென்று கோபு தீர்மானித்துவிட்டார். தம்பி கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. அடுத்த மாதம் மாவட்டத் தேர்வுக்குப் போக வேண்டிய பெண்களுக்கு மண்ணில் கால் வைக்க இடம் கிடையாது.

கையெழுத்துப் போடாதீர்கள் என்று புஷ்பலதா புருஷனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "பாக்கலாம்" என்று ஏகநாதன் சொல்லியிருந்தார். அந்தப் 'பாக்கலாம்' என்பதற்குச் சரி என்று அர்த்தமா, மாட்டேன் என்று அர்த்தமா என்பது இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் அவளுக்குப் பிடிபடாத சங்கதி.

இப்போது புதன்கிழமை காலை. 2008, ஜூன் இருபத்தைந்து.

அன்றைக்கும் புஷ்பலதா முதலில் பின்கட்டில் வெந்நீர் அடுப்பைத்தான் மூட்டினாள். மாடியில் ஹீட்டர் இருக்கிறது. ஆனால் ஏகநாதனுக்கு விறகில் காய்ந்த தண்ணீரை ஊற்றினால்தான் குளித்த மாதிரி இருக்குமாம். சுவரோரமாக மண் குழைத்துப் பூசிய அடுப்பில் பாதி உடம்பு புதைந்து உட்கார்ந்திருந்தது செப்பு அண்டா. சுவரைப் பார்த்த பக்கம் கரி அப்பிக் கிடந்தது. கைக்கு எட்டிய பக்கத்தை மட்டும் அவள் வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்கி வைப்பாள்.

அந்த அண்டாவைத் துலக்கும்போதெல்லாம் அவளுக்குத் தான் ஜெயித்த கோப்பை நினைவுக்கு வரும்.

கல்யாணத்துக்கு முன்னால் புஷ்பலதா கபடி ஆடினவள். ஊரப்பாக்கத்தில் அவள் அம்மா கிளியம்மாள் சீர்ச் சாமான் கட்டியபோது, குடம், தாம்பாளம், குத்துவிளக்கோடு மகள் ஜெயித்துக் கொண்டுவந்த பித்தளைக் கோப்பையையும் சேர்த்துக் கட்டினாள். கிளியம்மாள் கெட்டிக்காரி. சீராகப் போகும் எந்தச் சாமானும் பேர் வெட்டாமல் அவள் வீட்டு வாசலைத் தாண்டாது. கரண்டி, இட்லித் தட்டு, எண்ணெய்த் தூக்கு என்று ஒன்றையும் பாத்திரக் கடைக்காரனின் உளிக்குத் தப்ப விடவில்லை. பந்தலில் பரப்பிய சீரில் அந்தக் கோப்பையும் நின்றது. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கல்யாணமான மூன்றாம் மாதம் கோப்பையைக் காணோம். கேட்டதற்கு ஏகநாதன்தான் சொன்னார். அப்பா பழைய பாத்திரங்களை எடைக்குப் போட்டு வெந்நீர் அண்டா எடுத்தாராம், கோப்பையும் அதோடு போய்விட்டதாம். அதுவரை வெந்நீர் அடுப்புப் பக்கமே போகாத புதுப்பெண் அதை நம்பி, அன்று முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். மாமனாரை எதிர்த்துக் கேட்க முடியுமா? போகட்டும், வீட்டுக்குத்தானே ஆயிற்று என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அதற்கப்புறம் அந்த அண்டாவுக்கு விறகு தள்ளுவதே அவளுக்கு விதியாகிப் போனது.

அடுப்பு பற்றியதும் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பேப்பருக்குள் ஒரு நோட்டீஸ் செருகியிருந்தது.

வழவழப்பான தாள், நாலு கலர். 'உலகக் கோப்பை வெள்ளி விழா, மாலை ஐந்து மணி, பெருங்களத்தூர்.' விழா கோபுவின் சொந்தக் கல்யாண மண்டபத்தில். நோட்டீஸை எழுதியவர் யக்ஞநாராயணன். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். சிட்லபாக்கத்தில் ஞாயிறுதோறும் இலவசமாக வீட்டு வாசலில் விழும் பத்திரிகையில் 'இதே நாளில்' என்று விளையாட்டுத் துணுக்கு எழுதுகிறவர். நல்ல மனுஷர்தான். இன்றைய தேதிக்கு அவரிடம் சரக்குக்குக் குறைவில்லை. 1932, ஜூன் இருபத்தைந்து: லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கியது. 1978: அர்ஜென்டினா முதல் முறையாகக் கால்பந்து உலகக் கோப்பையைத் தூக்கியது. 1983: அதே லார்ட்ஸில் நூற்று எண்பத்து மூன்று ரன்னை வைத்துக்கொண்டு இந்தியா மேற்கிந்தியத் தீவுகளைச் சுருட்டியது.

கடைசிப் பத்திதான் புஷ்பலதாவின் வயிற்றில் தீயை மூட்டியது. 'அதே 1983, ஜூன் இருபத்தைந்து. லண்டனில் நம் வீரர்கள் சாதித்த அன்று, நம் ஏரிக்கரை மைதானத்திலும் ஒரு கோப்பை வென்றது திரு. கோபு தலைமையிலான நமது கிராம கிரிக்கெட் அணி.' கீழே கோப்பையின் படம்.

இந்தக் கதையைக் கோபு வருஷா வருஷம் சொல்வதுதான். ஆம்பளைகள் வெட்டி ஜம்பம் என்று அவளும் காதில் போட்டுக்கொண்டதில்லை. கோப்பை, மண்டபத்து மாடியில் இருக்கிற அவர்களுடைய கிளப் ரூமில் பூட்டிக் கிடக்கும். பெண்கள் அந்தப் படி ஏறுவதில்லை. இன்றைக்குத்தான் முதல் முறையாகப் படத்தைப் பார்க்கிறாள்.

அந்தக் கோப்பைக்கு வலது காது நசுங்கியிருந்தது.

புஷ்பலதாவுக்கு அந்த நசுங்கலைத் தெரியும். எப்போது விழுந்தது, எந்தக் கல்லில் விழுந்தது என்பது வரை தெரியும்.

1983, ஜூன் இருபத்தைந்து, சனிக்கிழமை. சுற்று வட்டாரப் பெண்களுக்கான கபடிப் போட்டி இதே ஏரிக்கரை மைதானத்தில்தான் நடந்தது. இறுதி ஆட்டம் முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. புஷ்பலதா கேப்டன். கோப்பையைத் தூக்கிக்கொண்டு, வாடகைக்குப் பேசின மேளக்காரரை முன்னால் விட்டு, பெண்கள் தெருவில் ஊர்வலம் வந்தார்கள். ஒரு தலை திரும்பவில்லை. ஊரிலிருந்த ஆம்பளைகள் அத்தனை பேரும் இருந்த ஒரே டி.வி. முன்னால் அடைந்து கிடந்தார்கள். அந்த டி.வி. இருந்தது கோபுவின் அப்பா வீட்டில். கோபு மொட்டை மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தார், 'இப்பத் தெரியுதா, இப்பத் தெரியுதா' என்று கத்திக்கொண்டு.

மேளச் சத்தத்தில் வர்ணனை கேட்கவில்லை என்று வீட்டுப் பெரியவர் வாசலுக்கு வந்து ஒரு அதட்டல் போட்டார். அந்த அதட்டலில் கோப்பை கைநழுவி வாசல் கல்லில் விழுந்தது. மேளத்தை நிறுத்தச் சொல்லிச் சின்ன மகனை அனுப்பினார்கள். வந்த சின்ன மகன் மேளக்காரரிடம் ஒன்றும் சொல்லாமல், குனிந்து கோப்பையை எடுத்து, தூசி தட்டி, புஷ்பலதாவிடம் நீட்டினான். அடுத்த வாரம் பெண் கேட்டு ஆள் வந்தது. அந்தச் சின்ன மகன்தான் ஏகநாதன்.

இப்போது அவர் கூடத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புஷ்பலதா நோட்டீஸைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என் கோப்பைங்க."

ஏகநாதன் படத்தைப் பார்த்தார். பிறகு சட்னியைப் பார்த்தார். "கோப்பைன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"காது நசுங்கியிருக்கு பாருங்க. நீங்கதானே குனிஞ்சு எடுத்துக் குடுத்தீங்க?"

அவருக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் குடித்தார். விக்கல் நிற்கவில்லை.

ஓவியா ஸ்கூல் பையோடு வந்து நோட்டீஸை எடுத்துப் படித்தாள். பிளஸ் டூ படிக்கிற பெண், கோபம் மூக்கு நுனியில் இருக்கும் வயசு. அம்மா கபடி ஆடினவள் என்று அவளுக்குத் தெரியும், கோப்பை விஷயம் தெரியாது. புஷ்பலதா இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். ஓவியா அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள். பெரியப்பா பொய் சொல்லிவிட்டு அந்தப் பொய்யை வைத்தே எங்கள் கிரவுண்டையும் பிடுங்குகிறார், நீங்கள் போய்க் கையெழுத்துப் போடப் போகிறீர்களா என்று நேராகவே கேட்டாள்.

"பாக்கலாம்மா" என்றார் ஏகநாதன்.

குளித்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டி, பையில் ஒரு பேனாவைச் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தார். மண்டபத்தில் வேலை இருக்கிறது என்று போய்விட்டார். பேனாவைப் பார்த்ததும் புஷ்பலதாவுக்கு உடம்பெல்லாம் பற்றியது. லண்டனில் எவன் கடைசி விக்கெட் என்று தெரிந்த யக்ஞநாராயணனுக்கு, அடுத்த தெருவில் எவள் ஜெயித்தாள் என்று ஒரு வார்த்தை விசாரிக்கத் தோன்றவில்லை. அது கூடப் பரவாயில்லை, அவர் வெளியாள். கண்ணால் பார்த்த மனுஷன், கையால் எடுத்துக் கொடுத்த மனுஷன், விக்கிக்கொண்டு போகிறாரே. பத்திக்கொண்டு வராதா?

அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்கு பஸ் ஏறினாள்.

மீன் கடை வரிசையில் அங்காளம்மா உட்கார்ந்திருந்தாள். கோவளம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துக்காரி. அந்தக் கபடி அணியில் அவள்தான் எதிர்க் கோட்டுக்குப் பாடிப் போகிறவள். பிடித்தால் வழுக்குவாள், அப்படி ஒரு உடம்பு. இப்போதும் விடிகாலையில் கரையில் மீன் எடுத்துவந்து இங்கே விற்கிறாள். புஷ்பலதா நோட்டீஸை நீட்டினாள். அங்காளம்மாவுக்குப் படிக்க வராது. படம் போதுமானதாக இருந்தது.

"இது நம்ம கப்பு இல்ல? நான்தானே கீய போட்டேன். உம் மாமனாரு போட்ட சத்தத்துல பேஜாராயி வுட்டுட்டேன். காது அப்டியே நசுங்கிக்கினு கீது பாரு."

கோபு அதைத் தன் கிரிக்கெட் கோப்பை என்று சொல்லிக்கொள்வதைப் புஷ்பலதா விளக்கினாள். அங்காளம்மா கத்தியைப் பலகையில் வைத்தாள்.

"அன்னிக்கி அந்தாளு மாடி மேல கம்பியப் புட்ச்சிக்கினு நின்னுகினு இருந்தாரு. நாமதான் கீயேருந்து பாத்தமே. நீ இன்னா, இத்தினி வருசமா வாய மூடிக்கினு குந்திகினு இருந்தியா?"

கோப்பையை எடைக்குப் போட்டுவிட்டதாகத்தான் தான் நினைத்திருந்ததைப் புஷ்பலதா சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு ஏதோ இடித்தது. எடைக்குப் போன கோப்பை கோபுவின் கிளப்புக்கு எப்படி வந்தது? பாத்திரக் கடையில் பார்த்து வாங்கிக்கொண்டிருப்பார், திருட்டு மனுஷன், என்று அதற்கும் அவளே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டாள். கோபத்தில் இருக்கிறவளுக்கு ஒரு எதிரி போதும்.

அங்காளம்மா சாயங்காலம் கூடையைக் கவிழ்த்துவிட்டு நேராக மண்டபத்துக்கு வருவதாகச் சொன்னாள். மீன் நாற்றத்தோடு வந்தால் உள்ளே விடுவார்களா என்று கேட்டுவிட்டு, விடாமல் பார்க்கட்டும் என்று அவளே முடித்தாள்.

மத்தியானம் போன் அடித்தது. பேசியது பச்சையம்மா, கோபுவின் மனைவி, புஷ்பலதாவுக்கு மூத்த ஓரகத்தி. புருஷன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி யாரும் கேட்டிராத பெண்பிள்ளை. வீட்டில் விசேஷம் என்றால் சாமான் துலக்குவது, பரிமாறுவது, மறுபடி துலக்குவது, இதுதான் அவளுக்குத் தெரிந்த உலகம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"புஷ்பா, சாயந்திரம் வந்துடு. கோவத்துல வராம இருந்துடாத. முன்னாடி வரிசையில உக்காரு." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

மண்டபத்தில் ஃபேன் காற்றைவிடக் கைத்தட்டல் அதிகமாக இருந்தது. மேடை நெடுக பேனர். கம்பெனி ஆட்கள் காலர் வைத்த டி-ஷர்ட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு மேஜை, அதன்மேல் சிவப்புத் துணி, துணியின்மேல் கோப்பை. தங்கமாக மின்னியது. மரப் பீடம், முன்பக்கம் ஒரு பித்தளைப் பட்டயம்: 'கிரிக்கெட் போட்டி, வெற்றிக் கோப்பை, 25.6.83.' பக்கத்தில் குத்தகைப் பத்திரம். ஏகநாதன் மேடை ஓரத்து நாற்காலியில், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

புஷ்பலதா முன் வரிசையில் ஓவியாவோடு உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் அங்காளம்மா. அந்த வாசனைக்குச் சுற்றி இருந்தவர்கள் இரண்டு நாற்காலி தள்ளிப் போனார்கள்.

யக்ஞநாராயணன் பேசினார். 1932-ல் ஆரம்பித்து, அர்ஜென்டினா வழியாக, 1988 ஜூன் இருபத்தைந்தில் நெதர்லாந்து ஐரோப்பியக் கோப்பையை வென்றதையும் விடாமல் தொட்டு, சிட்லபாக்கத்துக்கு வந்து சேர்ந்தார். பிறகு கோபு எழுந்தார். காலையில் ஆட்டத்தை முடித்து, கடைசிப் பந்தில் தானே சிக்ஸர் அடித்து, கோப்பையோடு வீட்டுக்குப் போய் மத்தியானம் உலகக் கோப்பையைப் பார்த்ததாகச் சொன்னார். போன வருஷம் வரை அது பவுண்டரியாகத்தான் இருந்தது. கிரிக்கெட்டுக்கென்றே பிறந்த மண் அது என்றார். அந்த மண்ணை கிரிக்கெட்டுக்கே கொடுப்பதற்குத் தம்பி இப்போது கையெழுத்துப் போடுவார் என்றார்.

ஏகநாதன் எழுந்தார். பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார்.

புஷ்பலதா மேடைப் படி ஏறிவிட்டாள். எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. ஏகநாதனின் பேனா தாளில் பட்ட இடத்திலேயே நின்றது.

"மாமா, அந்தக் கோப்பை என்னோடது" என்றாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. "அது கிரிக்கெட்டுல ஜெயிச்சது இல்ல. பொம்பளைங்க கபடியில ஜெயிச்சது. நான் கேப்டன். அன்னிக்கு நீங்க மாடியில ஆன்டெனா திருப்பிகிட்டு இருந்தீங்க."

கீழே அங்காளம்மா எழுந்து நின்றாள். "நானும் பாத்தேன். லுங்கி கட்டிக்கினு நின்னாரு."

சிரிப்பு எழுந்தது. கோபு சிரிக்கவில்லை, ஆனால் பதறவும் இல்லை. வீட்டுப் பிரச்னையை வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று சபையைப் பார்த்துக் கும்பிட்டார். யக்ஞநாராயணன் தர்மசங்கடமாகக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பட்டயத்தில் கிரிக்கெட் என்றுதானே இருக்கிறது, வேறு ஆதாரம் ஏதாவது உண்டா அம்மா என்று மரியாதையாகக் கேட்டார்.

ஆதாரத்துக்கு அவள் எங்கே போவாள்? கோப்பையைப் பார்த்தாள். நசுங்கிய காதைப் பார்த்தாள். சட்டென்று அம்மாவின் முகம் வந்தது. கரண்டியைக் கூட விட்டு வைக்காத கிளியம்மாள், இதை மட்டும் விட்டு வைத்திருப்பாளா?

கல்யாண வீட்டில் பாத்திரம் கலந்துபோய், இது உன்னுடையதா என்னுடையதா என்று வந்தால் நம் பெண்கள் என்ன செய்வார்களோ, அதைத்தான் புஷ்பலதா செய்தாள். கோப்பையை இரண்டு கையாலும் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

மரப் பீடம் கழன்று மேஜையில் விழுந்தது. திருகு இல்லை.

"காலையில புளி போட்டுத் தேய்க்கறப்பவே திருகக் கழட்டிட்டேன்" என்று ஒரு குரல் கேட்டது. பக்கவாட்டில் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்த பச்சையம்மா. மெதுவாகத்தான் சொன்னாள், மேடையில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கும்படி. "அடியைத் துலக்காம நான் எந்தச் சாமானையும் விட்டதில்ல. படிங்க சார்."

யக்ஞநாராயணன் கோப்பையை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தைப் படித்தார். மைக்கில்தான் படித்தார், பழக்கதோஷம். "ஊரப்பாக்கம் கிளியம்மாள், மகள் புஷ்பலதாவுக்கு." அதற்குக் கீழே அவள் கல்யாணத் தேதி.

ஓவியாவின் தோழிகள் பின்வரிசையில் இருந்து விசில் அடித்தார்கள். கம்பெனி ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யக்ஞநாராயணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தான் எழுதியது தவறு, அடுத்த ஞாயிறே திருத்தி எழுதுகிறேன் என்று சபையில் சொன்னார். பெரிய மனுஷத்தனம். புஷ்பலதாவுக்கு நெஞ்சு நிறைந்தது. இத்தனை வருஷம் கழித்து அந்த ஊர்வலத்துக்கு இன்றைக்குத்தான் தலைகள் திரும்பியிருக்கின்றன.

அவள் கோபுவைப் பார்த்தாள். "பட்டயத்த மாத்தி ஊர ஏமாத்துனீங்களே மாமா, அசிங்கமா இல்ல?"

கோபுவின் முகம் கறுத்திருந்தது. சபையில் மானம் போயிருந்தது, தான் மட்டும் தனியாக அவமானப்பட அவர் தயாராக இல்லை.

"பட்டயத்த நானா மாத்துனேன்? மருமக அரை டிராயர் போட்டு ஆடினவன்னு ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு. பழசப் பேத்துட்டுப் புதுப் பட்டயம் அடிச்சு, பீடம் போட்டு, எங்கிட்டக் கொண்டாந்து குடுத்தது உம் புருஷன். அவனக் கேளு."

புஷ்பலதா திரும்பினாள். ஏகநாதன் பேனாவைப் பிடித்தபடியே நின்றிருந்தார். மறுக்கவில்லை. காலையில் வந்த அதே விக்கல் மறுபடி வந்தது.

எத்தனையோ கேட்டிருக்கலாம். அவள் வாயில் வந்தது இதுதான்.

"அப்ப அந்த அண்டா?"

ஏகநாதன் தரையைப் பார்த்தார். மண்டபத்தில் யாருக்கும் புரியவில்லை. என்ன அண்டா, எந்த அண்டா என்று பின்னால் முணுமுணுத்தார்கள். அவருக்குப் புரிந்தது.

புஷ்பலதா மேஜை மேலிருந்த பத்திரத்தை எடுத்தாள். கையெழுத்து வேண்டிய இடத்தில் ஒரு மைப் புள்ளியும், அதிலிருந்து கிளம்பிய ஒரு கோடும் மட்டும் இருந்தன. கிழிக்கவில்லை. நாலாக மடித்துக் கோப்பைக்குள் போட்டாள். கம்பெனிக்காரர் ஒருவர் எழுந்து, மேடம், அது ஒரிஜினல் என்றார். இதுவும் ஒரிஜினல்தான் என்று கோப்பையைக் காட்டிவிட்டு, அவள் படி இறங்கினாள். பச்சையம்மா ஒதுங்கி வழிவிட்டாள். ஆரத்தித் தட்டை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள்.

ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் ஷேர் ஆட்டோ ஊர்ந்தது. மடியில் கோப்பை, ஒரு பக்கம் மகள், மறு பக்கம் அங்காளம்மா. புஷ்பலதாவுக்கு அழுகை வரவில்லை, அதுதான் அவளுக்கே ஆச்சரியம். உள்ளே கொதித்தது. அப்பா சொன்னார், இவர் செய்தார். சரி, அந்தக் காலம், அப்பாவுக்குப் பயம், வைத்துக்கொள்ளலாம். அப்பா செத்துப் போன பிறகும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்தா உன் கோப்பை அங்கே இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லையே. பெண்டாட்டி அண்டாவைத் துலக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே அந்தத் தண்ணீரில் குளித்தாரே.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின்கட்டுக்குப் போனாள். சாயங்காலக் குளியலுக்கு என்று ரொப்பி வைத்த தண்ணீரைச் செம்பு செம்பாக மோந்து வாழைக்கு ஊற்றினாள். அங்காளம்மா புடைவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பு மண்ணைக் கடப்பாறையால் பெயர்த்தாள். மூன்று பேருமாகச் சேர்ந்து அண்டாவை அசைத்து, தூக்கி, வெளியே உருட்டினார்கள்.

சுவரைப் பார்த்த பக்கத்தில் கரி தோல் மாதிரி ஒட்டியிருந்தது. புஷ்பலதா தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தாள். மேலெல்லாம் கரியாயிற்று. கழுத்துக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பு சிவந்தது. செம்பில் புள்ளிகள் தெரிந்தன.

ஓவியா செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு படித்தாள். அவளுடைய அப்பாவைப் பெற்ற பாட்டியின் பேர் இருந்தது. பல்லாவரம், பிறந்த வீட்டுச் சீர் என்று இருந்தது. வருஷம் 1949.

அந்த அண்டா புஷ்பலதா இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பே, அவள் பிறப்பதற்கும் முன்பே, இந்த அடுப்பில் இருந்திருக்கிறது. எதையும் போட்டு எதுவும் வாங்கவில்லை. அவள் கண் முன்னால் இருந்த பாத்திரத்தையே காட்டி அவளிடம் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறார் மனுஷன்.

அங்காளம்மா எதுவோ திட்ட வாயெடுத்து, ஓவியாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கேட் உள்ளே இருந்து பூட்டியிருந்தது. பூட்டைத் தொட்டுப் பார்த்த சத்தம் கேட்டது, பிறகு ஒரு விக்கல். ஏகநாதன் கூப்பிடவில்லை. அவர் கூப்பிடுகிற ஆளும் இல்லை.

சாவி கோப்பைக்குப் பக்கத்தில், துவைகல் மேல் இருந்தது. ஓவியா அதை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"அப்பா வந்துட்டாரும்மா. திறக்கட்டுமா?"

புஷ்பலதா கரிக் கையை முந்தானையில் துடைத்தாள். அண்டாவைப் பார்த்தாள்.

"பாக்கலாம்" என்றாள்.